முன் இடது தண்டு

சவுரிமுத்துவின் வலது கால் ஓய்ந்து கிடந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிட உட்கார்ந்தால் மேசைக்கு அடியில் பாதம் கொஞ்சம் தூக்கியபடியே இருக்கும். பூசையில் முழங்காலிட்டு எழுந்து உட்கார்ந்ததும் அது தானாக முன்னால் நீளும். அவர் மனைவி ஜான்சி விருந்தாளிகளிடம் சொல்வாள்: "தூக்கத்துல என் காலை மிதிச்சு பிரேக் போடுறாரு. நான் என்ன காரா?"

சேலையூரில், கேம்ப் ரோட்டை ஒட்டிய சந்தில், அவருடைய ஜெபமாலை டிரைவிங் ஸ்கூல். ஒரே கார். இடது பக்க இருக்கையின் கீழும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். ஸ்டியரிங் கற்றுக்கொள்பவர் கையில் இருக்கும், உயிர் சவுரிமுத்துவின் வலது காலில் இருக்கும். எதிரே பஸ் வரும், குறுக்கே ஷேர் ஆட்டோ வரும், பின்னால் தண்ணி லாரி ஹாரன் அடிக்கும். 'பிரேக்' என்று வாய் சொல்வதற்குள் கால் மிதித்துவிட்டிருக்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை, மிதிக்காமல், மிதிக்கத் தயாராக, அந்தரத்தில் ஒரு கால்.

அந்தக் காலுக்கு மேலே இடுப்பு. இடுப்புக்கு மேலே முதுகு. முதுகுக்கு மேலே வலது தோள். அந்தத் தோளில்தான் வருடத்துக்கு ஒருமுறை மாதா ஏறுவாள்.

அவர்கள் தெருவில், குகை போல் கட்டிய மாதா கெபி ஒன்று உண்டு. செப்டம்பரில் அதற்குத் திருவிழா. கடைசி நாள் மாலை, மாதா சப்பரத்தில் ஏறி ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன் பந்தல் வரை போய்த் திரும்புவாள். சின்னச் சப்பரம்தான். ஆனால் தேக்கு. இரண்டு தண்டு, நான்கு முனை, முனைக்கு ஒரு ஆள். முன் இடது முனை சவுரிமுத்துவின் வீட்டுக்கு உரியது. அவருடைய அப்பாவுக்குப் பிறகு அவர். ஒரு வருடம் தோள் கொடுக்காவிட்டால் தண்டு கைமாறிவிடும். காய்ச்சல், வெளியூர், எந்தச் சாக்கும் செல்லாது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கெபியில் தூக்கினால் ஜங்ஷன் பந்தலில்தான் இறக்க வேண்டும். நடுவில் இறக்குவது கிடையாது. சப்பரத்தின் நான்கு மூலையிலும் மடக்குக் கால்கள் இருக்கின்றன. விரித்தால் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். ஆனால் வழியில் அவற்றை யாரும் விரித்ததில்லை. 'இறக்கு' என்று யாரும் சொன்னதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பதும் அதனால் யாருக்கும் தெரியாது.

போன வருடம் பாதி வழியில் சவுரிமுத்துவின் இடுப்பில் ஆணி இறங்கியது போல் ஆயிற்று. அவர் பல்லைக் கடித்தார். இன்னும் கொஞ்சம் நடந்தார். முழங்கால் மடங்கியது. சப்பரம் இடது பக்கமாகச் சாய்ந்தது. கண்ணாடி விளக்கு ஒன்று விழுந்து நொறுங்கியது. கூட்டம் "மரியே" என்று அலறியது. அவர் எப்படியோ நிமிர்ந்துவிட்டார், ஆனால் மாதாவின் கிரீடம் காதுப் பக்கம் சரிந்துவிட்டது. நடுவழியில் இறக்கக் கூடாது, இறக்காமல் ஏறிச் சரிசெய்யவும் முடியாது. மாதா சரிந்த கிரீடத்தோடே ஜங்ஷன் போனாள். அந்த வருடத்துப் படங்களில் எல்லாம் அப்படித்தான் இருக்கிறாள், கொஞ்சம் குறும்பாக.

தாம்பரத்தில் ஒரு எலும்பு டாக்டர் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு பட்டையும் நிறைய ஓய்வும் எழுதிக் கொடுத்தார். பட்டையை அவர் கட்டிக்கொண்டார். ஓய்வு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

சத்யபிரியா அவரைப் பார்த்தது அந்தச் சமயத்தில். அவரிடம் கார் ஓட்டக் கற்றவள். ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் குனிந்து காலைப் பார்ப்பாள். "காலைப் பாக்காதம்மா, அது எங்கயும் ஓடிப் போகாது, ரோட்டைப் பாரு" என்று அவளிடம் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியது உண்டு. சின்ன வயதில் பரதம் ஆடியவள், பிறகு கராத்தே போனவள், இரண்டிலும் சேர்த்து ஒரு முழங்காலைக் கெடுத்துக்கொண்டவள். கெட்ட முழங்காலுக்கு ஏற்றபடி இரண்டையும் கலந்து, வேகம் குறைத்து, இப்போது காலையில் ஒரு வகுப்பு நடத்துகிறாள். டீக்கடை முன்னால் அவர் காரிலிருந்து இறங்குவதை அவள் நின்று பார்த்தாள். முதலில் கதவு திறந்தது. பிறகு வலது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தார். கடைசியில்தான் தலை வந்தது.

"சார், நாளைக்குக் காலைல ஹாலுக்கு வாங்க."

"பொம்பளைங்க டான்ஸ் ஆடுற இடத்துல எனக்கு என்னம்மா வேலை?"

"வந்து சும்மா நில்லுங்க. நிக்கக் காசு கிடையாது."

அந்த ஹால் ஜங்ஷனுக்குச் சற்று முன்னால், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. காதுகுத்து, வளைகாப்பு, சின்ன ரிசப்ஷன் எல்லாம் அங்கேதான். சுவரில் எப்போதும் ஒரு சாம்பார் வாசனை. சொந்தக்காரி செல்லியம்மாள். ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து வயல்கள் அவர்களுடையவை, இப்போது வயல் நின்ற இடத்தில் வாடகை. காலையில் சும்மா கிடக்கும் ஹாலை வகுப்புக்கு விட்டவர், இரண்டாம் வாரமே தானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார். "என் ஹால்ல நான் ஆடுறேன், எவன் கேக்குறது?" என்பார். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்வார்.

சவுரிமுத்து வாசலில் செருப்பை விட்டார். சாக்ஸோடு உள்ளே வந்தார்.

"அதுவும் சார்," என்றாள் சத்யபிரியா.

வெறுங்கால் டைல்ஸில் சில்லென்று பட்டது. உள்ளே இருந்தவர்களை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பாதிப் பேர் அவரிடம் ஓட்டக் கற்றவர்கள். கையை வைத்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

முதலில் நடை. குதிகால் முதலில் தரையில் பட வேண்டும், பிறகு பாதம், பிறகு விரல். தூங்குகிற பூனையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் மாதிரி, பூனை விழித்துவிடாமல். பிறகு இடுப்பால் வட்டம். பிறகு காற்றில் ஒரு குத்து, ஒரு தடுப்பு, ஒரு உதை. பிறகு பாட்டைப் போட்டுவிட்டு, உடம்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் விடச் சொன்னாள். குதிப்பது கிடையாது. மூச்சு வாங்க ஓடுவது கிடையாது. "வலிச்சா அசைவைச் சின்னதாக்குங்க. அப்பவும் வலிச்சா நிறுத்துங்க. தாங்கிக்கிட்டு செய்யாதீங்க. தாங்குறதுக்கு இங்க பரிசு இல்ல."

சவுரிமுத்துவுக்கு அது விளங்கவில்லை. தாங்குவதைத் தவிர அவர் வேறெதையும் பெருமையாகச் செய்ததில்லை.

தடுப்பு அடிக்கும்போது ஒரு சத்தம் கொடுக்க வேண்டுமாம். எந்தச் சத்தம் என்பது அவரவர் விருப்பம். ஒருத்தி "ஹா" என்றாள். ஒருத்தி காக்கையை விரட்டுவதுபோல் "சூ" என்றாள். செல்லியம்மாள் "போடா" என்றார். யாரை என்று சொல்லவில்லை, ஆனால் யாரோ ஒருவரை என்பது முகத்தில் தெரிந்தது. சவுரிமுத்துவின் முறை வந்தது. கையை வீசினார். வயிற்றிலிருந்து சத்தம் கிளம்பியது.

"பிரேக்!"

ஹாலில் பாதிப் பேர் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டார்கள். தமிழினி என்ற பெண், சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள், வலது காலைத் தரையில் அழுத்தி மிதித்தே விட்டாள். மற்றவர்கள் அவள்மேல் மோதினார்கள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. செல்லியம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டார். "டிரைவர் தம்பி, என் வூட்டுக்காரர் இருந்தப்போ நீ வந்திருக்கக் கூடாதா? அந்த ஆளை நிறுத்த எனக்கு இந்தச் சத்தம் கிடைக்காமப் போச்சே."

சத்யபிரியா மட்டும் அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருகே வந்து குனிந்தாள்.

"வலது கால் விரலெல்லாம் தரையைப் பிடிச்சிருக்கு. இப்ப எந்த வண்டியும் இல்ல. யாரை நிறுத்துறீங்க சார்?"

அவர் குனிந்து பார்த்தார். விரல்கள் வெளுத்துப்போய் டைல்ஸைக் கவ்விக்கொண்டிருந்தன. அவற்றை விடச் சொன்னார். அவை விடவில்லை. அவருடைய சொந்தக் கால், அவர் பேச்சைக் கேட்கவில்லை.

மறுநாள் தானாகவே வந்தார், அந்தக் கோபத்தில்.

அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஆணி இடுப்பிலேயேதான் இருந்தது. ஆனால் அது எப்போது இறங்கப்போகிறது என்பது கொஞ்சம் முன்கூட்டியே தெரியத் தொடங்கியது. முதலில் விரல் பிடிக்கும், பிறகு தாடை இறுகும், பிறகு மூச்சு நிற்கும், அதற்கப்புறம்தான் ஆணி. விரல் பிடிக்கும்போதே விட்டுவிட்டால் ஆணி பல நேரம் வருவதில்லை. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு மழைக்காலம் முழுதும், அதன்பின் வெயில் காலமும் பிடித்தது. ஒரு நாள் சோறு பரிமாறிக்கொண்டிருந்த ஜான்சி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"என்னாச்சு? காலு ரெண்டும் தரையில கீது?"

"ஏன், இருக்கக் கூடாதா?"

"இருக்கட்டும். பயமாக் கீது, அதான் கேட்டேன்."

ஆகஸ்டில் தமிழினி வகுப்பை செல்போனில் படம் பிடித்துத் தன் ஸ்டேட்டஸில் போட்டாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பெண்களுக்கு நடுவில் சவுரிமுத்து, கண் மூடி, இரண்டு கையும் மேலே, இடுப்பு வட்டமாய்ச் சுற்றுகிறது, பக்கத்தில் செல்லியம்மாள். அன்று மாலைக்குள் அது திருவிழாக் குழுவின் வாட்ஸப்பில் இருந்தது. கீழே டேனியல் எழுதியிருந்தான்: 'நம்ம தண்டுக்காரர்.'

டேனியல் அவர் தங்கை புருஷன். மனை வாங்கி விற்கும் தொழில். திருவிழாக் குழுவின் செயலாளர், பவனியில் முன்னால் மைக் பிடித்து ஜெபமாலை சொல்பவன். சவுரிமுத்துவுக்கு ஆண்பிள்ளை இல்லை. தண்டு அவர் தோளை விட்டால் அடுத்தது டேனியலின் தோள். அவன் அதற்கு ஆசைப்பட்டதை யாரும் தவறென்று சொல்ல முடியாது. மாதாமேல் அவனுக்கு உண்மையான பக்தி இருந்தது. மாமனார் வீட்டுத் தண்டின்மேலும் இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து, கெபிக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் குழு கூடியது. பெஞ்சுகளில் ஆண்கள். சவுரிமுத்து கடைசியில் உட்கார்ந்தார்.

"மச்சான், நீ இன்னா வேணா பண்ணிக்கோ. அது உன் உடம்பு," என்று டேனியல் ஆரம்பித்தான். "ஆனா அந்தத் தோளு மாதாவைத் தூக்குற தோளு. அதைப் பொம்பளைங்க மத்தியில இப்டி இப்டி ஆட்டிக்கினு நின்னா..." எழுந்து நின்று ஆட்டிக் காட்டினான். கூட்டம் சிரித்தது.

"டேனியல், இடுப்பு இன்னும் கொஞ்சம் லூசா போகணும்," என்றார் சவுரிமுத்து. "முழங்கால் பூட்டிக்கிச்சு பாரு. வயசான காலத்துல கஷ்டப்படுவ."

இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கமிருந்து வந்தது. டேனியல் உட்கார்ந்தான். தலைவர் தொண்டையைச் செருமினார். போன வருடம் நடந்ததை யாரும் மறக்கவில்லை என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வயதானால் தடுமாறத்தான் செய்யும் என்றார். ஆனால் இது ஊர் பேசுகிற விஷயம். சவுரி ஒரு வார்த்தை சொன்னால் போதும். இனி அந்த வகுப்புக்குப் போக மாட்டேன் என்று, இங்கே, எல்லார் முன்னாலும். தண்டு அவருடையதே.

பெஞ்சுக்கு அடியில் வலது பாதம் எழும்பியது. சவுரிமுத்துவுக்கு அது தெரிந்தது. விரல்கள் இறுகின. தாடை இறுகியது. அடுத்தது மூச்சு. மூச்சு நிற்பதற்குள் பாதத்தை மெல்லத் தரையில் இறக்கினார். முதலில் குதிகால், பிறகு பாதம், பிறகு விரல்.

"போவேன்," என்றார். "தூக்கவும் தூக்குவேன்."

"ரெண்டும் நடக்காதுப்பா."

"ஏன் நடக்காது? ரெண்டுக்கும் இதே காலுதான். எனக்கு வேற கால் இல்ல."

"அப்போ திருவிழா அன்னிக்குத் தண்டுல டேனியல் நிப்பான்," என்றார் தலைவர்.

"நிக்கட்டும். நானும் நிப்பேன். மாதா பாத்துக்கட்டும்."

அவர் எழுந்து வந்துவிட்டார். எழும்போது காலைக் கையால் தூக்கவில்லை. அதை யாராவது கவனித்தார்களா என்று திரும்பிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்க வேண்டியிருந்தது.

வீட்டில் தங்கை போனில் அழுதாள். அவள் புருஷனை எல்லார் முன்னாலும் கேலி செய்ததற்கு அழுதாளா, அண்ணன் ஆடியதற்கு அழுதாளா என்று தெரியவில்லை. ஜான்சி போனை வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"வகுப்பை விட்டுட்டா என்ன? இப்பதான் நல்லா கீறீங்களே."

"விட்டா திரும்ப வரும்."

"அப்போ தண்டை விடுங்க. டேனியல் தூக்கட்டும். உங்களுக்கு அதுல இன்னா கீது?"

அவர் யோசித்தார். அப்பா விட்டுப்போனது என்று சொல்லியிருக்கலாம். அது காரணம் இல்லை.

"போன வருஷம் சாய்ஞ்சுது பாரு. அதோட விட்டா, சாய்ச்சவன்னு நின்னுடும். ஏன் சாய்ஞ்சுதுன்னு எவனுக்கும் தெரியாது."

"ஏன் சாய்ஞ்சுது?"

"வலிச்சுது. சொல்லல."

ஜான்சி எழுந்தாள். "சொல்றதுக்கு என்ன கேடு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். இதைத்தான் எத்தனை வருடங்களாகவோ அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், வேறு வேறு விஷயங்களில்.

மறுநாள் அவர் பென்னியின் வெல்டிங் பட்டறைக்குப் போனார். பென்னி பின் இடது முனைக்காரன். ஒரே தண்டில் அவருக்கு நேர் பின்னால் நிற்பவன். பெரிய உடம்பு. பேச்சு குறைவு. முகமூடியைக் கழற்றிவிட்டு டீ சொன்னான்.

"வீடியோ பாத்தேன்ணா," என்றான். "நல்லாத்தான் கீது. இன்னும் கொஞ்சம் தாளத்துல ஆடலாம்."

"போன வருஷம் எனக்கு முன்கூட்டியே வலிச்சுது பென்னி. நான் வாயைத் திறக்கல. அதான் சாய்ஞ்சுது."

பென்னி டீயை ஊதினான். "தெரியும். தண்டு வழியா எனக்கு வந்துச்சு. நீ நடுங்கினது." பிறகு சட்டைக் காலரை இழுத்துத் தோளைக் காட்டினான். எலும்புக்கு மேலே கறுத்துக் காய்த்த ஒரு புடைப்பு. "இந்தக் கையை இதுக்கு மேல தூக்க முடியாது. என் வூட்டுக்காரிக்கே தெரியாது. மாதாவுக்குத் தெரியும்னு வெச்சிக்கோயேன்."

"ஏன்டா சொல்லல?"

"யார்கிட்ட? இன்னான்னு? எவனாவது ஒருத்தன் இறக்குன்னு சொன்னா நானும் இறக்குவேன். எவன்ணா மொதல்ல சொல்றது? சொன்னவன் பேரு காலத்துக்கும் நிக்கும், கையாலாகாதவன்னு."

"என் பேர்தான் ஏற்கெனவே நின்னாச்சே," என்றார் சவுரிமுத்து.

பென்னி அவரை நிமிர்ந்து பார்த்தான். முகமூடியை மறுபடி மாட்டிக்கொண்டான். டீக்காசை அவனே கொடுத்தான்.

திருவிழா அன்று மதியம் தூறி நின்றிருந்தது. பவனி வெளிச்சத்திலேயே கிளம்ப வேண்டும் என்று போலீஸ் சொல்லியிருந்ததால் மேகத்துக்குக் கீழே மஞ்சள் வெயில் இருக்கும்போதே சப்பரம் தயாராகிவிட்டது. மல்லிகையும் சம்பங்கியும் சுற்றி, சீரியல் விளக்கு போட்டு, கிரீடத்தை இந்த வருடம் கம்பியால் இறுக்கிக் கட்டி. தெரு முழுக்க ஆட்கள். பேண்டு செட்டு ட்ரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தது.

சவுரிமுத்து வந்தபோது முன் இடது முனையில் டேனியல் நின்றிருந்தான். வெள்ளை வேட்டி, தோளில் மடித்த புதுத் துண்டு. மைக்கை வேறு யாரிடமோ கொடுத்திருந்தான். சவுரிமுத்து நேரே போய் அவன் பக்கத்தில் நின்றார். அவருடைய துண்டு பழையது, நடுவில் தேய்ந்து தண்டின் வளைவு அதில் இருந்தது.

"மச்சான், தகராறு வேணாம். நல்ல நாளு," என்றான் டேனியல் தாழ்ந்த குரலில்.

"எனக்கும் வேணாம். தள்ளிக்கோ."

"குழு சொல்லியாச்சு."

"குழுவா தூக்குது?"

ஃபாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சவுரிமுத்துவின் விரல்கள் தார் ரோட்டைக் கவ்வப் பார்த்தன. அவர் கவ்வ விடவில்லை. செருப்பில்லாத காலின் கீழே ரோடு ஈரமாய், இன்னும் சூடாய் இருந்தது. அதை மட்டும் கவனித்தார்.

அப்போது பின்னாலிருந்து பென்னி பேசினான். அவன் ஏற்கெனவே தன் முனையில் நின்றிருந்தான்.

"தலைவரே, முன்னால சவுரி அண்ணன் நிக்கலன்னா நான் பின்னால நிக்கல."

"இன்னாடா பென்னி, நீ வேற."

"தண்டு ரெண்டு பேருது. முன்னால எவன் நடுங்குறான்னு எனக்குத் தெரியணும். சவுரி அண்ணன் நடுங்கினா எனக்குத் தெரியும். டேனியல் நடுங்கினா தெரியாது."

வலது தண்டுக்காரர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மெல்ல, "ஆமா, அதுவும் சரிதான்," என்றார். ஃபாதர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். டேனியல் துண்டை உதறி எடுத்தான். முகம் சிவந்திருந்தது. "சாயட்டும், அப்புறம் பேசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு மைக்கை வாங்கிக்கொண்டு முன்னால் போனான்.

தூக்கினார்கள். தேக்கு தோளில் இறங்கியது. சவுரிமுத்து மூச்சை விட்டார். குதிகால், பாதம், விரல். பூனை விழிக்கக் கூடாது. மேலே மாதா கொஞ்சமும் அசையாமல் வந்தாள். பேண்டு வாசித்தது. டேனியல் "அருள் நிறைந்த மரியே" என்றான், கூட்டம் மீதியைச் சொன்னது.

கேம்ப் ரோட்டைத் தாண்டி, வேளச்சேரி ரோட்டில் திரும்பி, ஒரு பேக்கரியைக் கடந்தபோது வலது பாதத்தின் விரல்கள் இறுகின. விட்டார். மறுபடி இறுகின. விட்டார். தாடை வந்தது. ஜங்ஷன் பந்தலின் விளக்கு தூரத்தில் தெரிந்தது. பல்லைக் கடித்தால் போய்விடலாம். போன வருடமும் அப்படித்தான் தெரிந்தது. டேனியல் முன்னால், சப்பரத்தின் பக்கம் திரும்பிப் பின்னோக்கி நடந்தபடி அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தான். ஜெபம் வாயில் தானாக ஓடியது. அவன் கண்ணில் இருந்தது வேறு. விழட்டும் என்றும் இல்லை, விழக் கூடாது என்றும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தான்.

மூச்சு நின்றது.

வயிற்றிலிருந்து சத்தம் கிளம்பியது. காலையில் ஹாலில் கிளம்பும் அதே சத்தம்.

"இறக்கு!"

பேண்டு ஒரு சுரத்தில் அறுந்து நின்றது. பின்னால் வந்த ஒரு பஸ் ஹாரன் அடிக்க மறந்தது. ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு பின்னாலிருந்து கட்டை கிறீச்சிடும் சத்தம் வந்தது. பென்னி தன் மூலையின் மடக்குக் காலை விரித்துக்கொண்டிருந்தான். கீல் துருப்பிடித்திருந்ததால் உதைத்து விரித்தான். நான்கு காலும் விரிந்தன. சப்பரம் ரோட்டில் நின்றது. நேராக நின்றது. விளக்குகள் கொஞ்சம் ஆடி அடங்கின.

"மச்சான்!" மைக்கிலேயே கத்திவிட்டான் டேனியல். தெரு முழுக்கக் கேட்டது. "மாதாவை நடுரோட்டுல இறக்குறியா?"

"மாதா ஒண்ணும் சொல்லல," என்றார் சவுரிமுத்து. "நீ ஏன் கத்துற?"

யாரோ சிரித்தார்கள். யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். மேலே மாதா கிரீடம் நிமிர்ந்து, எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறக்கிய இடம் மருந்துக்கடைக்கு எதிரே. அவர் அதைத் திட்டமிடவில்லை, விரல்கள் அங்கேதான் பிடித்தன. மாடி ஹாலின் பால்கனியில் செல்லியம்மாள் பூத்தட்டோடு நின்றிருந்தார். பவனி போகும்போது பூப் போடுவது அவர் வழக்கம். சாமி எந்தச் சாமி என்று அவர் பார்ப்பதில்லை. பக்கத்தில் சத்யபிரியா. இருவரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சவுரிமுத்து தண்டை விட்டு இரண்டடி தள்ளி வந்தார். இடுப்பில் ஆணி தயாராக இருந்தது. நூற்றுக்கணக்கான கண்கள். தலைவர், ஃபாதர், டேனியல், எங்கோ கூட்டத்தில் தங்கை, அவள் பக்கத்தில் ஜான்சி. அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. இடுப்பால் ஒரு வட்டம் போட்டார். சின்னதாக. பிறகு கொஞ்சம் பெரிதாக. வலது காலைத் தூக்கி உதறினார். கையை மேலே நீட்டி, தோளைச் சுற்றி, கீழே கொண்டுவந்தார். வேட்டி கட்டிய ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு ஆள், மாதாவுக்கு முன்னால், நடுரோட்டில்.

"அப்டித்தான் டிரைவர் தம்பி!" மாடியிலிருந்து செல்லியம்மாளின் குரல் வந்தது. அதோடு ஒரு கைப் பூவும்.

ட்ரம்ஸ்காரனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மெதுவாக ஒரு தாளம் தட்டினான். சவுரிமுத்து அதைப் பிடித்துக்கொண்டார். கேலி செய்ய வாய் திறந்த ஒருவன் பென்னியைப் பார்த்து மூடிக்கொண்டான். பென்னி, அந்தப் பெரிய உடம்பு, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, காய்த்த தோளை மெல்ல முன்னும் பின்னும் சுற்றிக்கொண்டிருந்தான். வலி முகத்தில் ஓடியது. முதன்முதலாக அது எல்லாருக்கும் தெரிய ஓடியது.

ஆணி இறங்காமல் திரும்பிப் போனது. சவுரிமுத்து துண்டை மடித்துத் தோளில் போட்டு தண்டுக்குக் கீழே குனிந்தார்.

"தூக்கு."

தூக்கினார்கள். டேனியல் அசையாமல் நின்றான். பவனி அவனைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தது. பிறகு அவன் முன்னால் ஓடி வந்து மைக்கை வாய்க்குக் கொண்டுபோனான். ஜெபமாலையில் எந்த இடத்தில் விட்டோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தான்.

திருவிழா முடிந்ததும் குழு கூடும். தலைவர் தொண்டையைச் செருமுவார். அது சவுரிமுத்துவுக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை வகுப்பு இருக்கிறது, அதுவும் தெரியும். குதிகால், பாதம், விரல். பந்தல் இன்னும் கொஞ்ச தூரம். அவருக்கு வலி இல்லை. இந்தத் தடவை போய்ச் சேர்ந்துவிடலாம்.

அப்போது தண்டு வழியாக ஒரு நடுக்கம் வந்தது. அவருடையது அல்ல. அவர் காத்திருந்தார். தண்டு இன்னொரு முறை நடுங்கியது. பின்னால் பென்னியின் மூச்சு நின்றது தண்டிலேயே தெரிந்தது.

சொல்லுடா, என்று நினைத்தார்.

"இறக்கு!" என்றான் பென்னி. தெரு அதிர்ந்தது.

"இன்னாய்யா இது," என்றது டேனியலின் மைக், "மாதாவா, டவுன் பஸ்ஸா?"

மடக்குக் கால்கள் இந்தத் தடவை உதைக்காமலேயே விரிந்தன.